ராமநாதபுரம் கரையிலிருந்து பனிச்சரிவுக்கு: முதல் ஸ்கீ பயணத்துக்கான கையேடு

ராமநாதபுரம் கரையில் மார்கழி இரவில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். சரிவு என்று சொல்லிக்கொள்ளப் பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்ற இறக்கத்தை விட்டால் வேறொன்றும் இல்லை. இங்கிருந்து ஸ்கீ கற்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் குளிரை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். கையிலிருக்கும் பணத்தை ஜாக்கெட்டில் கொட்டுகிறார்கள். குளிரைச் சமாளிப்பது எளிது. பயணத்தைக் கெடுப்பவை இரண்டுதான்: காலுக்குப் பொருந்தாத பூட்ஸ், பயத்தில் பின்னால் சாயும் உடம்பு. முதல் பயணத்தில் செலவும் கவனமும் பூட்ஸுக்கும் பயிற்சியாளருக்கும் போகட்டும். மற்றதெல்லாம் வாடகைக்குக் கிடைக்கும்.

எங்கே, எப்போது

இந்தியாவில் குல்மார்க்தான் முதல் தேர்வு. ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பிவடத்தில் பெட்டியில் ஏற்றிச் செல்லும் கோண்டோலாவின் முதல் கட்டம் கொங்தூரி வரை, இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 3,950 மீட்டரில் அபர்வத் மலைத்தோள் வரை போகும். புதியவர்களுக்கு இந்த இரண்டுமே வேண்டாம். ஊரை ஒட்டிய மென்சரிவுகளும் அங்கிருக்கும் இழுவை லிஃப்ட்டுகளும் முதல் நான்கு நாளுக்குப் போதும். உத்தராகண்டின் ஆலியில் அரசுச் சுற்றுலாக் கழகம் 7 நாள், 14 நாள் பயிற்சி வகுப்புகள் நடத்தி வந்திருக்கிறது. சரிவுகள் நன்றாக இருந்தாலும் பனிக்காலம் குறுகியது. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் அமிழ்ந்தபோது அங்கிருந்து போகும் ரோப்வே நின்றது. அதனால் போக்குவரத்தை விசாரித்துவிட்டே பதிவு செய்யுங்கள். மணாலிக்கு மேலே உள்ள சோலாங், பனியில் காலை வைத்துப் பார்க்கச் சரி. ஒரு வாரம் உட்கார்ந்து கற்கும் இடமல்ல.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் பல வீடுகளில் மாமாவோ மச்சானோ ஒருவர் துபாயில் இருப்பார். அங்கே போகிறவர்கள் 2005-ல் திறந்த ஸ்கீ துபாயைத் தவறவிட வேண்டாம். கூரைக்குக் கீழே, பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே வைத்திருக்கும் குளிரில், 400 மீட்டர் வரை நீளமுள்ள சரிவுகள். இரண்டு மணி நேர வகுப்பிலேயே பூட்ஸ் மாட்டுவது, விழுவது, எழுவது, கலப்பை வடிவத்தில் (முனைகளை நெருக்கி, வால்களை விரித்து) நிற்பது எல்லாம் வந்துவிடும். அதை முடித்துவிட்டுக் குல்மார்க் போனால் முதல் நாள் மிச்சம்.

காஷ்மீரில் பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பும் மேற்கத்திய இடையூறு எனும் காற்றழுத்தச் சுழல். நம் வடகிழக்குப் பருவமழைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஐப்பசியில் இங்கே கொட்டித் தீர்த்தால் அங்கேயும் பனி கொட்டும் என்று கணக்குப் போட வேண்டாம். டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரை அங்கே சில்லே கலான் என்பார்கள். அரையாண்டு விடுமுறை, அதாவது டிசம்பர் கடைசி வாரம், பனிக்கு உறுதியில்லாத காலம். பொங்கல் விடுமுறையும் நிச்சயமில்லை: 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் பழுப்புப் புல்லாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதி, பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. கற்பதற்கு ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி முடிய நல்ல காலம். தங்குமிடத்தைப் பணம் திரும்பக் கிடைக்கும்படி பதிவு செய்யுங்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே முன்னறிவிப்பைப் பாருங்கள். பாம்பனில் எந்த எண் கூண்டு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடலுக்குப் போகும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மதுரையிலிருந்து விமானம் மாறி ஸ்ரீநகர். அங்கிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் தங்மார்க் வழியாகக் குல்மார்க். தங்மார்க்குக்கு மேலே உள்ள கடைசி 13 கிலோமீட்டரில், பனி விழுந்த நாளில் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியோ நான்கு சக்கர இயக்க வண்டியோ மட்டும்தான் ஏறும். ஸ்ரீநகர் டாக்சிக்காரரிடம் தங்மார்க் வரையா, குல்மார்க் வரையா என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். இன்னொன்று: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு எண் ஒன்றாவது கையில் இருக்கட்டும். குறைந்தது ஐந்து நாள் சரிவில் நிற்கும்படி திட்டம் போடுங்கள். மூன்று நாளில் வலிதான் மிஞ்சும். நான்காம் நாள்தான் கால் பேச்சைக் கேட்கத் தொடங்கும்.

ஊரிலேயே செய்ய வேண்டியது

ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். ஸ்கீயில் தொடையின் முன்தசை நீண்ட நேரம் மடங்கிய நிலையில் சுமை தாங்குகிறது. சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைச் செங்கோணத்தில் மடக்கி, நாற்காலி இல்லாமல் உட்காருங்கள். முதலில் 30 வினாடி, மூன்று முறை; ஆறாவது வாரத்தில் 90 வினாடியை எட்டினால் போதும். ஒற்றைக் காலில் நின்று பாதிவரை உட்கார்ந்து எழுவது பக்கத்துக்குப் பத்து, அதுவும் மூன்று முறை. வாரம் இரண்டு நாள் அரியமான் கடற்கரையில், அலை நனைக்காத உதிரி மணலில் அரை மணி நேரம் வேகநடை. கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகள் இதில் வலுப்படும்.

அலையில் ஆடும் வல்லத்தில் நிற்கிறவர் எப்படிக் கணுக்காலையும் முழங்காலையும் தளர்த்தி, இடுப்புக்குக் கீழே மட்டும் ஆடவிட்டு, மேலுடம்பை அமைதியாக வைத்திருப்பாரோ, ஸ்கீயின் அடிப்படை நிலையும் அதுதான். கடலில் நின்று பழகியவர்களுக்கு இது பாதி வந்தாயிற்று.

தனுஷ்கோடி மணல்மேட்டில் ஸ்கீயை வைத்துப் பழகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உப்பு மணலில் அடிப்பலகை கீறிப்போகும், விளிம்பு துருப்பிடிக்கும். மேடும் போதாது, சறுக்குவதைவிடப் புதைவதே அதிகம்.

பூட்ஸ்: எல்லாவற்றுக்கும் மேலே

ஸ்கீ பூட்ஸின் அளவு சென்டிமீட்டரில் இருக்கும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், குதிகாலைச் சுவரில் ஒட்டி, தாள் மேல் எடையைப் போட்டு நின்று, மிக நீண்ட விரலின் நுனியைக் குறியுங்கள். 26.3 சென்டிமீட்டர் வந்தால் 26.5 அளவு பூட்ஸ். 28 எடுத்தால் வசதியாக இருக்கும் என்று தோன்றும், எடுக்காதீர்கள்.

அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். பூட்ஸின் உள் அகலம் குறுகியதில் 98 மில்லிமீட்டர், அகலமானதில் 102 முதல் 104 வரை இருக்கும். சிறு வயதிலிருந்து செருப்போடும் வெறுங்காலோடும் நடந்து வளர்ந்தவர்களின் முன்பாதம் அகன்றே இருக்கும். நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சரிக்கட்டுவது கடைப்பையன்கள் செய்யும் வேலை. அகலமான வார்ப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை இது. பூட்ஸின் உள்ளுறையை வெளியே எடுங்கள். வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்நுனி முன்சுவரை மெல்லத் தொடும்வரை தள்ளுங்கள். இப்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர், அதாவது இரண்டு விரல் செருகும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். மூன்று விரல் போனால் பூட்ஸ் பெரிது. வாடகைக் கடையில் இதைச் செய்தால் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

சாக்ஸ் ஒரு ஜோடி மட்டும். முழங்கால் உயரம், மெல்லியது, கம்பளி அல்லது செயற்கை இழை. பருத்தி சாக்ஸ் இரண்டைப் போட்டால் வியர்வை உள்ளேயே தங்கும், மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் கொப்புளம் வரும். பேன்ட்டின் ஓரம், தெர்மலின் கணுக்கால் பட்டை போன்ற எதுவும் பூட்ஸுக்குள் போகக்கூடாது.

மாட்டும் முறை: காலை உள்ளே விட்டு, குதிகாலைத் தரையில் இரண்டு மூன்று முறை தட்டிப் பின்னால் உட்காரவையுங்கள். கணுக்காலுக்கு மேலே உள்ள கொக்கியை முதலில் பூட்டி, முன்னால் சாய்ந்து சாய்ந்து ஓட்டை வளைத்துப் பாருங்கள். பிறகு மேல்பட்டை. அடுத்து புறங்காலுக்கு மேலுள்ள கொக்கி. விரல் பக்கத்துக் கொக்கியைச் சும்மா மூடினால் போதும். நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்னால் இடிக்க வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் அழுத்தினால் விரல் பின்வாங்கி விடுபட வேண்டும். குதிகால் மேலெழக்கூடாது.

பெரிய பூட்ஸ் எப்படிக் கெடுக்கிறது என்றால், காலையில் சுகமாக இருக்கும். பத்து மணிக்குள் உள்ளுறை நசுங்கி, குதிகால் தூக்கத் தொடங்கும். காலைப் பிடித்து நிறுத்த விரல்கள் சுருண்டு கவ்வும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கொக்கியை இறுக்குவீர்கள். ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். அதைக் குளிர் என்று நினைத்து இன்னொரு சாக்ஸ் போடுவீர்கள். மதியத்துக்குள் ஆட்டம் முடிந்தது. கால் விறைப்புக்குப் பெரும்பாலும் காரணம் இந்தச் சங்கிலிதான், வெப்பமானி அல்ல.

பூட்ஸின் விறைப்பு எண், புதியவருக்கு 60 முதல் 80-க்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் ஓடு வளையாது. வளையாத பூட்ஸில் முன்னால் அழுத்தவே முடியாது.

இரவில் பூட்ஸை அறையில் புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கம். அடுப்பை ஒட்டி வைத்தால் உள்ளுறையின் நுரை சுருங்கும். உள்ளுறையை வெளியே எடுத்து, ஒரு கை நீளத்துக்கு அப்பால் வையுங்கள். காலையில் பூட்ஸ் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும்; விறைத்துப்போன பிளாஸ்டிக்கை விரிக்க இரண்டு ஆள் வேண்டும்.

ஸ்கீ, பைண்டிங், கம்பு

ஸ்கீயை நிமிர்த்தி வைத்தால் முனை உங்கள் தாடைக்கு வர வேண்டும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 145 முதல் 150 வரை. காலடியில் அகலம் 70 முதல் 80 மில்லிமீட்டர். குல்மார்க்கில் புதுப்பனிக்காக 100-க்கு மேற்பட்ட அகல ஸ்கீகளை நீட்டுவார்கள், அது உங்களுக்கில்லை. விளிம்பைச் சோதிக்க, நகத்தின் மேல்புறத்தை அதன் குறுக்கே மெல்ல இழுங்கள். வெள்ளைத் தூள் சீவி வந்தால் கூர் இருக்கிறது. வழுக்கினால் வேறு ஜோடி கேளுங்கள். அடிப்பலகை வெளுத்து, வறண்ட மயிர்போலத் தெரிந்தால் மெழுகு போட்டு நாளாகிவிட்டது. மெழுகிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தட்டையான இடமெல்லாம் நடந்தே கடக்க வேண்டியிருக்கும்.

பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்தான் உயிர்நாடி. விழும்போது முழங்கால் திருகிவிடாமல் பூட்ஸை விடுவிப்பது அதன் வேலை. எவ்வளவு விசையில் விடுவிக்க வேண்டும் என்பதைக் காட்டும் டின் எண், எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம், ஓட்டும் திறமை ஆகிய ஐந்தையும் பார்த்து அட்டவணையிலிருந்து எடுப்பது. நடுத்தர எடையுள்ள புதியவருக்குப் பொதுவாக 4-ஐ ஒட்டி வரும். வயது 50-ஐத் தாண்டினால் குறையும். எடையைக் குறைத்துச் சொன்னால் சாதாரணத் திருப்பத்திலேயே ஸ்கீ கழன்றுகொள்ளும். கூட்டிச் சொன்னால் கழற வேண்டிய நேரத்தில் கழறாது, அந்த விசை முழங்கால் தசைநாருக்குப் போகும். கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். மதியம் பூட்ஸை மாற்றினால் பைண்டிங்கையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். இதை மறப்பதுதான் வாடகைக் கடைகளில் அதிகம் நடக்கும் தப்பு.

மாட்டும் முன் பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைக் கம்பின் நுனியால் சுரண்டுங்கள். பனிக்கட்டி இருந்தால் குதிகால் பகுதி பாதி பூட்டும், முதல் திருப்பத்தில் விட்டுவிடும். சரிவில் மாட்டும்போது தாழ்வான பக்கத்து ஸ்கீ முதலில்; விரல்பகுதி உள்ளே, பிறகு குதிகாலால் மிதி. டக்கென்று சத்தம் கேட்க வேண்டும்.

கம்பைத் தலைகீழாகப் பிடித்து, வட்டுக்குக் கீழே பிடித்தால் முழங்கை செங்கோணத்தில் நிற்க வேண்டும். ஹெல்மெட் கட்டாயம், பைக் ஹெல்மெட் ஆகாது. மூடிய கண்ணாடியின் வெளிச்சத் தடுப்பு எண் வெயிலுக்கு எஸ்3, மேகமூட்டத்துக்கு எஸ்1.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடம்பை ஒட்டி செயற்கை இழை அல்லது மெரினோ கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், வெளியே 10,000 மில்லிமீட்டர் நீர்தாங்கும் அடுக்கு. பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் உலராது. விரல் பிரியாத கையுறை அதிகச் சூடு. பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கடல் வெயிலையும் மிஞ்சும்: எஸ்.பி.எஃப். 50 களிம்பை மூக்குத்துளை ஓரத்திலும் தாடைக்கு அடியிலும் பூசுங்கள். வெயில் கீழிருந்தும் வருகிறது.

கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் 2,650 மீட்டர் ஏறுகிறீர்கள். லேசான தலைவலியும் தூக்கக் குறைவும் சகஜம். முதல் நாள் நடந்து திரிந்து, நிறையத் தண்ணீர் குடித்து, சீக்கிரம் படுங்கள். அபர்வத் உச்சியில் காற்றழுத்தம் நம் கரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 60 சதவீதம்தான். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் கீழே இறங்குவதே வைத்தியம்.

பனியைப் படிப்பது

கையுறையோடு ஒரு பிடி அள்ளி அழுத்துங்கள். உருண்டை சேராமல் உதிர்ந்தால் குளிர்ந்த உலர்பனி. உருண்டை சேர்ந்தால் ஈரப்பதம் இருக்கிறது. பிழிந்தால் நீர் சொட்டினால் கூழ்ப்பனி. அதில் ஸ்கீ திடீரெனப் பிடித்துக்கொள்ளும், உடம்பு முன்னால் போகும்.

கற்க ஏற்றது இயந்திரத்தால் தட்டிச் சமன் செய்த சரிவு. ஆழமான புதுப்பனி படத்தில் அழகாகத் தெரியும், ஆனால் புதியவருக்கு அது சுமைதான்: ஸ்கீயின் முனை உள்ளே புதையும், கலப்பை வடிவம் வேலையே செய்யாது. மேலே உடையும் ஓடு, கீழே மென்பனி இருக்கும் நிலை இன்னும் மோசம். முழங்காலில் அடிபட அதுவே நல்ல வாய்ப்பு. அன்றைக்குத் தேநீர் குடித்துவிட்டு அறைக்குத் திரும்பலாம், மானக்கேடு ஒன்றுமில்லை.

மார்ச்சில் நேரக் கணக்கு மாறும். முந்தைய பகலில் உருகியது இரவில் உறைந்து, காலை எட்டு மணிக்குக் கண்ணாடி மாதிரி கெட்டியாக இருக்கும். பத்தரை மணி வாக்கில் மேலே ஒரு விரல்கடை அளவு இளகும். அடுத்த இரண்டு மணி நேரம் அருமை. ஒரு மணிக்கு மேல் கூழ். அதனால் பிப்ரவரியில் காலையிலேயே வகுப்பு வையுங்கள், மார்ச்சில் பத்தரைக்குத் தொடங்குங்கள்.

முதல் ஐந்து நாள்

சரிவில் வந்து கூப்பிடுகிற எல்லாரும் பயிற்சியாளர் ஆகிவிட மாட்டார்கள். சுற்றுலாத் துறைப் பதிவு அட்டையைக் கேளுங்கள். குல்மார்க்கில் 1968 முதல் இயங்கும் இந்திய ஸ்கீயிங் மற்றும் மலையேற்ற நிறுவனத்தின் வகுப்புகள் குறைந்த செலவில் நடக்கும். ஆனால் தேதிகள் முன்பே நிறைந்துவிடும்.

முதலில் தட்டையான இடத்தில் ஒற்றை ஸ்கீயோடு பத்து நிமிடம் நடை. பிறகு பக்கவாட்டுப் படியேற்றம்: சரிவுக்குக் குறுக்கே நின்று, மேல்பக்க விளிம்பால் வெட்டி வெட்டி ஏறுவது. எழுந்து நிற்பதையும் அன்றே பழகுங்கள். விழுந்ததும் இரண்டு ஸ்கீயையும் உடம்புக்குக் கீழ்ப்பக்கமாக, சரிவுக்குக் குறுக்கே கொண்டுவந்து, அதற்குப் பிறகே எழ வேண்டும். சறுக்கிக்கொண்டே எழ முயன்றால்தான் முழங்கால் போகும். விழுந்துவிடுவோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் இடுப்பைச் சரியவிடுங்கள், கையை ஊன்றாதீர்கள்.

அடுத்தது கலப்பை. முனைகள் ஒரு சாண் இடைவெளியில் நெருங்கி, வால்கள் அகல விரிந்து, குதிகாலால் வெளியே தள்ளி நிற்பது. விரிக்க விரிக்க வேகம் குறையும். இடப்பக்கம் திரும்ப வலது காலில் எடையை வையுங்கள். வலப்பக்கம் திரும்ப இடது காலில். தோளைத் திருகித் திரும்பப் பார்ப்பது எல்லாரும் செய்யும் தப்பு. தோள் திரும்பும், ஸ்கீ நேராகப் போகும்.

எல்லாச் சிக்கலுக்கும் தாய்ச்சிக்கல் பின்னால் சாய்வது. சரிவைப் பார்த்ததும் உடம்பு தானாகவே மலைப்பக்கம் ஒண்டும். அப்போது எடை வாலுக்குப் போய், முனை லேசாகும். திருப்புவது முனைதான் என்பதால் ஸ்கீ கட்டுக்கடங்காது, வேகம் கூடும், பயம் கூடும், இன்னும் சாய்வீர்கள். இதற்கு ஒரே அளவுகோல் கணைக்கால். உங்கள் கணைக்கால் எலும்புக்கும் பூட்ஸின் நாக்குக்கும் நடுவே ஒரு பத்து ரூபாய் நோட்டு இருப்பதாக வைத்துக்கொண்டு, சரிவு முடியும்வரை அது நழுவாதபடி அழுத்திக்கொண்டே போங்கள். கைகள் இரண்டும் எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் இருக்கட்டும். பார்வை ஸ்கீயின் முனையில் அல்ல, பத்து மீட்டர் தள்ளி. மாலையில் கணைக்கால் முன்புறம் லேசாக வலித்தால் சரியாக ஓட்டியிருக்கிறீர்கள்; தொடை மட்டும் எரிந்தால் நாள் முழுக்கப் பின்னால் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறீர்கள்.

இழுவை லிஃப்ட்டில் உட்காரக்கூடாது. அது இழுக்கும், தாங்காது. முழங்காலைத் தளர்த்தி நின்று இழுக்கவிடுங்கள். கம்பின் வார்களை மணிக்கட்டில் மாட்டாமல் கையில் பிடியுங்கள். பாதியில் விழுந்தால் உடனே விட்டுவிட்டுத் தடத்தைவிட்டு உருண்டு விலகுங்கள், அடுத்த ஆள் வந்துகொண்டிருப்பார்.

சரிவில் முன்னுரிமை கீழே இருப்பவருக்கு. பின்னாலிருந்து வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும். நிற்பதென்றால் ஓரத்தில், மேலிருந்து வருபவருக்குத் தெரியும் இடத்தில்.

நான்காம் நாள் திருப்பத்தின் முடிவில் இரண்டு ஸ்கீயும் இணையாக வரத் தொடங்கும். கொங்தூரியைப் பற்றி அப்போது பயிற்சியாளரைக் கேளுங்கள். இரண்டாம் கட்டம் அப்போதும் வேண்டாம். அபர்வத் பக்கம் பெரும்பகுதி தட்டாத இயற்கைச் சரிவு, பனி பெயர்ந்து சரிந்து ஆளைப் புதைக்கும் அபாயம் நிஜமானது: 2023 பிப்ரவரியில் இரண்டு போலந்து நாட்டவரும், 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யரும் அங்கே இறந்தார்கள். பலகைபோலப் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை சாய்வில் பிளக்கும். காற்று ஒரு பக்கம் வாரி, மறைவுப் பக்கத்தில் கொட்டிச் சேர்க்கும் பனிதான் மிக ஆபத்து. சோழகமா வாடையா என்று காற்றின் திசையைப் பார்த்தே பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு சீக்கிரம் பிடிபடும். சமிக்ஞைக் கருவி, மண்வெட்டி, துழாவுக்கம்பி மூன்றும் இருந்து, பயன்படுத்தவும் தெரிந்து, வழிகாட்டியும் கூட வந்தால் மட்டுமே எல்லைக் கயிற்றைத் தாண்டலாம். புதையுண்டவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குப் பின் வேகமாகச் சரிந்துவிடும்.

ஊர் திரும்பியபின்: பந்தயம் பார்ப்பது

சொந்தமாக ஒரு வாரம் விழுந்து எழுந்தவர்களுக்கே ஸ்கீ பந்தயத்தின் ருசி தெரியும். 1967-ல் தொடங்கிய உலகக் கோப்பைத் தொடர் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ஆஸ்திரியாவின் சோல்டனில் தொடங்கி மார்ச் வரை ஓடும். நான்கு வகை: நெருங்கிய கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஓடும் ஸ்லாலம், கம்பங்கள் தள்ளி நிற்கும் ஜயண்ட் ஸ்லாலம், இன்னும் தள்ளி நிற்கும் சூப்பர்-ஜி, வேகமாகக் கீழே பாயும் டவுன்ஹில். முதல் இரண்டும் இரண்டு ஓட்டம், நேரத்தைக் கூட்டி முடிவு. பின்னிரண்டும் ஒரே ஓட்டம், வேகம்தான் எல்லாம். 2013-ல் சுவிட்சர்லாந்தின் வெங்கனில் பிரான்ஸின் யோகன் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டரைத் தொட்டார். வென்றவருக்கு 100 புள்ளி, இரண்டாமவருக்கு 80, மூன்றாமவருக்கு 60, நான்காமவருக்கு 50, இப்படியே இறங்கி முப்பதாமவருக்கு 1.

நம் நேரம் ஐரோப்பாவின் குளிர்கால நேரத்தைவிட நாலரை மணி முந்தியது. ஆகவே காலைப் பத்து மணி ஓட்டம் இங்கே மதியம் இரண்டரை, ஒரு மணிக்கு நடக்கும் இரண்டாம் ஓட்டம் மாலை ஐந்தரை. ஜனவரியில் வெங்கன், அடுத்து கிட்ஸ்பூயல் டவுன்ஹில், இரண்டையும் விடாதீர்கள். ஷ்லாட்மிங் இரவு ஸ்லாலத்தின் இரண்டாம் ஓட்டம் இங்கே நள்ளிரவைத் தாண்டும்.

எதைப் பார்ப்பது? தொடக்க எண்ணைப் பாருங்கள். ஒவ்வொருவர் போகும்போதும் தடத்தில் பள்ளம் விழும். முதல் எண்களுக்கு வழவழப்பான பனி. இரண்டாம் ஓட்டத்தில் முதல் ஓட்டத்தின் முப்பதாமவர் முதலில் கிளம்புவார், முன்னிலையில் இருப்பவர் கடைசியில் கிளம்பிக் கெட்டுப்போன தடத்தில் ஓட வேண்டும். திரையில் பச்சை எண் தெரிந்தால் இதுவரையிலான முதல் நேரத்தைவிட முந்தியிருக்கிறார். சிவப்பு தெரிந்தால் பிந்தியிருக்கிறார். நூறில் ஒரு வினாடி சின்னது அல்ல. மணிக்கு 100 கிலோமீட்டரில் அது 28 சென்டிமீட்டர். ஸ்லாலத்தில் கம்பத்தைக் கையால் அடித்துத் தள்ளலாம், ஆனால் இரண்டு பூட்ஸும் இரண்டு முனையும் சரியான பக்கம் கடந்தாக வேண்டும். ஒரு முனை உள்ளே போனாலும் ஓட்டம் செல்லாது. கணைக்காலையும் பாருங்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், தோற்கும் கணத்தில் பூட்ஸின் நாக்கை விட்டுப் பின்னால் போயிருப்பார்.

வெயில் நாட்களில் பந்தயத் தடத்தில் ஆட்கள் எதையோ வீசித் தூவுவது தெரியும். அது உப்பு. உப்பு பனியைக் கரைக்கும். கரைவதற்கான வெப்பத்தைச் சுற்றியிருக்கும் ஈரப்பனியிலிருந்தே உறிஞ்சுவதால், அந்த ஈரம் உறைந்து தடம் கெட்டிப்படும். பனியில் ஈரம் இருந்தால்தான் பலிக்கும், அதுவும் சில மணி நேரத்துக்குத்தான். பொடி உப்பு உடனே வேலை செய்து சீக்கிரம் ஓயும். கல்லுப்பு மெல்ல ஆழமாக இறங்கும். வாலிநோக்கம் உப்பளத்துக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

மெழுகிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. நீரை அண்டவிடாத ஃப்ளோரின் மெழுகு, சுற்றுச்சூழலில் சிதையாமல் தங்குவதால், 2023-24 பருவம் முதல் சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு அதைத் தடை செய்துவிட்டது. ஸ்கீயைக் கருவியில் வைத்துச் சோதிக்கிறார்கள். சிக்கினால் தகுதி நீக்கம்.

பெயர்களில், 2025 பிப்ரவரியில் இத்தாலியின் செஸ்ட்ரியேரில் நூறாவது உலகக் கோப்பை வெற்றியைத் தொட்ட அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரினிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன் பல்லாண்டு நின்ற சாதனை ஸ்வீடனின் ஸ்டென்மார்க்கின் 86. இந்தியர்களில் தங்மார்க்கைச் சேர்ந்த ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜயண்ட் ஸ்லாலத்தில் 45-ஆவது. பனி கொட்டிய அன்று கிளம்பியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கீழே வந்து சேரவே இல்லை. மணாலியின் ஆஞ்சல் தாக்கூர் 2018-ல் துருக்கியின் எர்சுரும் நகரில் வென்ற வெண்கலம், ஸ்கீயில் இந்தியாவின் முதல் சர்வதேசப் பதக்கம். நெட்டோட்ட (கிராஸ்-கன்ட்ரி) ஸ்கீயில் குடகிலிருந்து வந்த பவானியும் இருக்கிறார், தெற்கிலிருந்து ஒருவர். பெரிய போட்டிகளில் இந்தியர்களின் எண் கடைசியில்தான் வரும். ஒளிபரப்பு பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். அவர்கள் நேரத்தைக் கூட்டமைப்பின் இணையதளத்தில் ஓடும் நேரடிப் பட்டியலில் தேட வேண்டும்.